எடப்புளி நாட்டுக்கு மாத்திரை வரும் வழி

கொல்லிமலையின் 14 ஊராட்சிகளுக்கும் நாடு என்றே பெயர். வளவந்தி நாடு, தின்னனூர் நாடு, சேளூர் நாடு, குண்டூர் நாடு என நீளும் அந்த வரிசையில் எடப்புளி நாடும் ஒன்று. நாமக்கல் மாவட்டத்தின் இந்த மலையில் மிளகு, காப்பி, பலா, மரவள்ளி பயிரிட்டு வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். உடம்புக்கு முடியவில்லை என்றால் இவர்களுக்குப் பக்கத்தில் இருப்பது துணை சுகாதார நிலையம், அடுத்து ஆரம்ப சுகாதார நிலையம், பிறகு செம்மேட்டு அரசு மருத்துவமனை. அதற்கும் மேலான வைத்தியம் வேண்டுமென்றால் காரவள்ளிச் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து கீழே இறங்க வேண்டும். பெரிய தனியார் மருத்துவமனைகள் எல்லாம் அந்த வளைவுகளுக்குக் கீழே நாமக்கல்லிலும் ராசிபுரத்திலும் சேலத்திலும் இருக்கின்றன.

அரசு மருத்துவமா, தனியார் மருத்துவமா என்ற விவாதம் நகரத்தில் தரத்தைப் பற்றியது, காத்திருக்கும் நேரத்தைப் பற்றியது. மலையில் அது முதலில் தூரத்தைப் பற்றியது. கட்டணம் செலுத்தக் கூட்டம் திரளும் இடத்தில்தான் தனியார் முதலீடு இறங்கும். சுமார் 40 ஆயிரம் பேர் பல சிற்றூர்களில் சிதறி வாழும் மலைக்கு அது ஏறி வராததில் வியப்பும் இல்லை, குற்றமும் இல்லை. இதை உணர்ந்துதான் அரசின் விதிகள் மலைக்குத் தனி அளவுகோல் வைத்திருக்கின்றன. சமவெளியில் 30 ஆயிரம் பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் மலைப்பகுதியிலும் பழங்குடிப் பகுதியிலும் 20 ஆயிரம் பேருக்கு ஒன்று. துணை சுகாதார நிலையம் சமவெளியில் 5 ஆயிரம் பேருக்கு, மலையில் 3 ஆயிரம் பேருக்கு.

நோய் வந்தால் ஆகும் செலவில் டாக்டர் கட்டணம் சிறு பகுதிதான். தேசிய மாதிரி ஆய்வு அலுவலகம் 2017-18இல் நடத்திய 75ஆவது சுற்றுக் கணக்கெடுப்பின்படி, பிரசவம் நீங்கலாக ஒருமுறை மருத்துவமனையில் சேர்ந்து திரும்ப அரசு மருத்துவமனையில் சராசரியாக 4,452 ரூபாயும் தனியாரில் 31,845 ரூபாயும் செலவானது. ஏறத்தாழ ஏழு மடங்கு. ஆனால் குடும்பங்களை மெல்ல மெல்ல அரிப்பது மருத்துவமனைச் சேர்க்கையைக் காட்டிலும் மாதாமாதம் வாங்கும் மாத்திரைதான். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஒருமுறை தொடங்கிய மாத்திரை வாழ்நாள் முழுக்க நிற்காது. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் நேரடியாகக் கைக்காசு போட்ட பங்கு 2013-14இல் 64.2 விழுக்காடு. தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி 2021-22இல் அது 39.4 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. குறைந்த பிறகும் பத்தில் நான்கு ரூபாய் நோயாளியின் மடியிலிருந்துதான் போகிறது.

மருந்து மற்றச் சரக்குகளைப் போன்றதல்ல. கத்தரிக்காய் வாங்குகிறவர் விலை கேட்டு, சொத்தை பார்த்து, அடுத்த கடைக்கும் போகலாம். மருந்தில் தேர்ந்தெடுப்பவர் டாக்டர், பணம் கொடுப்பவர் நோயாளி. சீட்டில் எழுதிய பிராண்டை மெடிக்கல் கடைக்காரர் தாமாக மாற்றிக் கொடுக்கவும் சட்டம் இடம் தரவில்லை. அதனால்தான் ஒரே வேதிப்பொருள், ஒரே அளவு, ஒரே வேலை செய்யும் மாத்திரை பல பெயர்களில் பல விலைகளில் ஒரே அலமாரியில் அருகருகே இருக்க முடிகிறது. வாங்குபவருக்குப் பேரம் பேசும் வலு இல்லாத இந்தச் சந்தையில் விலையை இறக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அரசு சட்டம் போட்டு உச்சவிலை வைப்பது. மற்றொன்று, அரசே பெரிய வாங்குபவராக மாறுவது. தமிழ்நாடு இரண்டாவது வழியில் நாட்டுக்கே முன்மாதிரி ஆனது.

இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றிய மாகாணம் சென்னை. அது 1939. ஆனாலும் 1990களின் தொடக்கம் வரை அரசு மருத்துவமனைகளில் மருந்துத் தட்டுப்பாடு வாடிக்கையாக இருந்தது. கொள்முதல் சிதறிக் கிடந்தது. ஒரு மருத்துவமனையில் மருந்து காலாவதியாகிக் கிடக்க, இன்னொன்றில் அதே மருந்து இல்லாமல் சீட்டை வெளியே எழுதிக் கொடுத்தார்கள். முறைகேட்டுப் புகார்களுக்கும் குறைவில்லை. இந்தச் சூழலில் 1994 ஜூலையில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிறுவனமாகப் பதிவானது. 1995 ஜனவரியில் வேலையைத் தொடங்கியது. அதை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஆர். பூர்ணலிங்கம்.

கழகத்தின் வேலைமுறை எளியது, ஆனால் கறாரானது. முதலில் இன்றியமையாத மருந்துகளின் பட்டியல் ஒன்று தயாராகும். பிராண்டுப் பெயர் கிடையாது, வேதிப்பெயர் மட்டுமே. டெண்டருக்கு இரண்டு உறைகள். முதல் உறையில் தொழிற்சாலையின் உரிமம், தயாரிப்புத் தரச் சான்று, அந்த மருந்தைத் தயாரித்து விற்ற அனுபவம் போன்ற விவரங்கள். அதில் தேறியவர்களின் விலை உறை மட்டுமே பிரிக்கப்படும். மாநிலம் முழுமைக்குமான தேவையை ஒரே கையால் வாங்குவதால் நிறுவனங்கள் விலையை இறக்கித்தான் ஆக வேண்டும். சரக்கு மாவட்டக் கிடங்குக்கு வந்ததும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயரை மறைத்து, குறியீட்டெண் மட்டும் இட்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். தேறிய பிறகே மருந்து மருத்துவமனைக்குப் போகும், நிறுவனத்துக்குப் பணமும் போகும். தேறாத நிறுவனம் கருப்புப் பட்டியலில் சேரும்.

இந்த அமைப்பில் அதிகம் பேசப்படாத ஒரு பொருள் பாஸ்புக். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஆண்டு ஒதுக்கீடு வரவாக எழுதிய ஒரு பாஸ்புக் உண்டு. கிடங்கிலிருந்து மருந்து எடுக்க எடுக்க அதன் மதிப்பு கழிந்துகொண்டே வரும். எந்த மருந்து எவ்வளவு வேண்டும் என்று தீர்மானிப்பது தலைநகரம் அல்ல, அந்தந்த மருத்துவமனை. மலையில் பாம்புக்கடி மருந்து கூடுதலாகத் தேவைப்படும் என்றால் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். இப்படி வந்து சேரும் மாத்திரை அட்டையில் தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல என்று அச்சிட்டிருக்கும். அந்த அச்சு அலங்காரத்துக்காக அல்ல. அரசு மாத்திரை வெளிக்கடைக்குக் கைமாறினால் அட்டையே காட்டிக்கொடுத்துவிடும்.

பாம்புக்கடி மருந்தை ஓர் எடுத்துக்காட்டாகவே கொள்ளலாம். நஞ்சு ஏறியவருக்குத் தொடக்கத்திலேயே எட்டு, பத்துக் குப்பிகள் தேவைப்படும். அதன் மூலப்பொருளான நஞ்சைத் தருவதில் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு பழங்குடியினர் பிடிக்கும் பாம்பிலிருந்து கிடைக்கும் மருந்து, காட்டிலும் மேட்டிலும் வேலை செய்யும் இன்னொரு பழங்குடியினரைக் காக்கிறது. அந்தக் குப்பியின் விலை நாமக்கல்லில் எவ்வளவு குறைந்தாலும் கடிபட்டவருக்குப் பயனில்லை. குப்பி மலைமேலேயே குளிர்பெட்டியில் இருக்க வேண்டும், அதைப் போடத் தெரிந்த டாக்டரும் அங்கே தங்கியிருக்க வேண்டும். பிரசவமும் அப்படித்தான். மலைப்பகுதிச் சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறைகளை அரசு அமைத்ததற்குக் காரணம், வலி எடுத்த பிறகு வளைவுகளில் இறங்குவது ஆபத்து என்பதே.

நீண்டகால நோய்களுக்கான ஏற்பாடு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளின் வீட்டுக்கே சுகாதாரத் தன்னார்வலர் போய், அழுத்தம் பார்த்து, மாத்திரையைக் கொடுத்துவிட்டு வருகிறார். தன்னார்வலர் பெரும்பாலும் அதே வட்டாரத்துப் பெண். அவர் பையில் இருப்பவை மெட்ஃபார்மின், அம்லோடிபைன் போன்ற பழைய, மலிவான, நன்கு அறியப்பட்ட மாத்திரைகள்தாம். நகரத்தில் இது ஒரு வசதி. மலையில் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் மிச்சம். இத்திட்டத்துக்கு 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது கிடைத்தது. மருந்துப்பை காலியாகாமல் இருக்கும் வரைதான் திட்டம் திட்டமாக இருக்கும். ஒரு மாதம் மாத்திரை வராவிட்டால் நோயாளி மெடிக்கலைத் தேடிப் போவார், அல்லது மாத்திரையை நிறுத்திவிடுவார். இரண்டாவதே அதிகம் நடக்கக்கூடியது.

அரசு வாங்கித் தரும் மருந்தின் கதை இது. மெடிக்கலில் காசு கொடுத்து வாங்கும் மருந்தின் விலையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? அது ஒன்றிய அரசின் வேலை. 1970இல் இரண்டு முடிவுகள் சேர்ந்து வந்தன. புதிய காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, தயாரிக்கும் முறைக்கு மட்டுமே உண்டு என்றது. அதே ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையும் பிறந்தது. முன்னது இந்திய நிறுவனங்களுக்கு வேறு வழிமுறையில் அதே மருந்தைத் தயாரிக்கக் கதவைத் திறந்தது. பின்னது விலைக்குக் கடிவாளம் போட்டது. 1979இல் 347 மருந்துகள் கட்டுப்பாட்டுக்குள் இருந்தன. 1987இல் அது 142 ஆயிற்று, 1995இல் 74. தாராளமயம் வளர வளரப் பட்டியல் இளைத்தது. இன்றியமையாத மருந்துகள் கட்டுப்பாட்டுக்கு வெளியே போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 2003இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. இடையில் 1997இல் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் அமைந்தது.

இன்று நடப்பில் இருப்பது 2013 மே மாத ஆணை. தேசிய இன்றியமையா மருந்துப் பட்டியலில் உள்ளவை அதன்கீழ் வருகின்றன. 2022இல் புதுப்பித்த பட்டியலில் 384 மருந்துகள் உள்ளன. பட்டியல் நீண்டது நல்லதே. ஆனால் கணக்குப் போடும் முறை தலைகீழானது. 1995 ஆணை தயாரிப்புச் செலவைக் கணக்கிட்டு அதன்மேல் ஒரு வரம்புக்குட்பட்ட கூடுதலை அனுமதித்தது. 2013 ஆணை செலவைப் பார்ப்பதில்லை, சந்தையைப் பார்க்கிறது. சந்தையில் ஒரு விழுக்காட்டுக்குக் குறையாத பங்குள்ள பிராண்டுகளின் விலையைச் சராசரியாக்கி, கடைக்காரருக்கு 16 விழுக்காடு சேர்த்தால் கிடைப்பது உச்சவிலை. ஒரு மாத்திரைக்கு ஐந்து பிராண்டுகள் இருக்கின்றன, கடைக்காரருக்கு அவை 2, 3, 4, 9, 12 ரூபாய்க்குக் கிடைக்கின்றன என்று வைத்துக்கொண்டால் சராசரி 6 ரூபாய், உச்சவிலை 6 ரூபாய் 96 காசு. ஒன்பதும் பன்னிரண்டும் கீழே இறங்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் இரண்டு ரூபாய்க்கு விற்றும் லாபம் பார்க்கும் நிறுவனம் ஒன்று இருக்கும்போது ஏறத்தாழ ஏழு ரூபாயை நியாய விலையாக அரசே முத்திரை குத்துகிறது. விலை அதிகமுள்ள பிராண்டு எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவுக்குச் சராசரியும் மேலே ஏறும். மருத்துவப் பணிகள் கழகம் இதே மாத்திரையை டெண்டரில் வாங்கினால் இரண்டு ரூபாயிலிருந்து கீழே பேரம் தொடங்கும். இரண்டு வழிகளுக்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு கணக்கில் அடங்கிவிடுகிறது.

உச்சவிலையும் நிலையானதல்ல. மொத்த விலைக் குறியீட்டை ஒட்டி ஆண்டுதோறும் ஏப்ரலில் மாறும். 2023இல் அந்த உயர்வு 12.12 விழுக்காடு. பட்டியலுக்கு வெளியே உள்ள மருந்துகளுக்கு உச்சவிலையே கிடையாது, ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது மட்டுமே விதி. பட்டியல் மருந்தோடு இன்னொன்றைக் கலந்து கூட்டு மாத்திரையாக்கினால் பல நேரங்களில் அது பட்டியலுக்கு வெளியே போய்விடும். சந்தையில் கூட்டு மாத்திரைகள் பெருகிக் கிடப்பதற்கு மருத்துவக் காரணம் மட்டுமே தேடிப் பயனில்லை.

நிறுவனங்கள் தரப்பிலும் ஒதுக்க முடியாத வாதம் உண்டு. விலையை அளவுக்கு மீறி அழுத்தினால் தயாரிப்பவர் விலகிவிடுவார். மூலப்பொருளுக்குச் சீனாவைப் பெரிதும் நம்பியிருக்கும் தொழில் இது. அங்கே விலை ஏறினால் இங்கே மலிவு மருந்தின் லாபம் முதலில் காணாமல் போகும். 2024 அக்டோபரில் ஆணையமே எட்டு மருந்துகளின் 11 வடிவங்களுக்கு உச்சவிலையை 50 விழுக்காடு உயர்த்தியது. ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால், காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின், மனநல மருந்தான லித்தியம் ஆகியவை அதில் அடங்கும். கட்டுப்படியாகவில்லை என்று நிறுவனங்கள் தயாரிப்பை நிறுத்த விண்ணப்பித்ததே காரணம். கிடைக்காத மலிவு மருந்தைவிடச் சற்று விலை கூடிய, கிடைக்கிற மருந்து மேல் என்பதை ஆணையம் ஒப்புக்கொண்ட தருணம் அது.

மருத்துவமனைக்குள் விலைக் கட்டுப்பாடு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஸ்டென்ட் நல்ல சான்று. 2017 பிப்ரவரியில் மருந்து தடவிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாயும் சாதா ஸ்டென்ட்டுக்கு 7,260 ரூபாயும் உச்சவிலையாயின. அதுவரை முன்னது லட்சத்துக்கு மேல் விற்றது. இதய அடைப்பு நோயாளிகளுக்கு அது பெரிய ஆறுதல்தான். ஆனால் ஸ்டென்ட்டைப் பொருத்துவதற்கான கட்டணத்துக்கும் அறை வாடகைக்கும் உச்சவரம்பு இல்லை. 2018 பிப்ரவரியில் டெல்லி வட்டாரத்தின் நான்கு பெரிய தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆணையம் ஆராய்ந்தபோது, மருந்து, ஊசி, கையுறை போன்ற பொருள்களில் சில இடங்களில் 1,737 விழுக்காடு வரை லாபம் வைத்திருந்தது தெரிந்தது. அட்டையில் அச்சிடும் அதிகபட்ச விலையையே உயர்த்தி அச்சிடச் சொல்லி, குறைந்த விலையில் மொத்தமாக வாங்கி, அச்சிட்ட விலைக்கு விற்பதுதான் உத்தி. சட்டப்படி அதில் குற்றம் காண்பது கடினம்.

தனியார் என்றாலே விலையேற்றம் என்று முடிவு கட்டுவதும் தவறு. மதுரையில் 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கட்டணம் செலுத்துவோரிடம் வரும் வருவாயைக் கொண்டு இலவசமாக அறுவை செய்துவந்தது. கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸ் இறக்குமதியில் நூறு டாலரை ஒட்டி விற்ற காலத்தில், 1992இல் அது தொடங்கிய அரோலேப் தானே லென்ஸ் தயாரித்து விலையைப் பத்து டாலர் அளவுக்கு இறக்கியது. அங்கே விலையைக் குறைத்தது சட்டம் அல்ல, எண்ணிக்கை. ஆனால் இப்படிப்பட்ட அறக்கட்டளை மருத்துவமனைகள் விதிவிலக்கு. விதிவிலக்கை நம்பிக் கொள்கை வகுக்க முடியாது.

தமிழ்நாட்டில் அரசும் தனியாரும் கைகோக்கும் இடம் மருத்துவக் காப்பீடு. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது, 2012இல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாக மாறியது, பின்னர் ஒன்றிய அரசின் திட்டத்தோடு இணைந்து குடும்பத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பளிக்கிறது. எடப்புளி நாட்டு விவசாயிக்கும் சேலத்துத் தனியார் மருத்துவமனையின் கதவை இந்த அட்டை திறந்துவிடக்கூடும். எதிர்ப்பவர்கள் கேட்பது, அதே பணத்தை அரசு மருத்துவமனையிலேயே போட்டிருந்தால் என்ன என்பதுதான். அரசு மருத்துவமனைகளும் இத்திட்டத்தில் சேர்ந்து அந்தப் பணத்தில் ஒரு பங்கைச் சம்பாதிக்கின்றன என்பதால் கேள்விக்கு ஒற்றைப் பதில் இல்லை. 2022இல் நாமக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது மலையிலிருந்து பார்த்தால் அட்டைக்கு நிகரான வரவு. ஆனால் ஒன்று உறுதி. காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்தால்தான். மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரைக்கு அதில் இடமில்லை.

புதிய மருந்துகளின் விலையைத் தீர்மானிப்பது காப்புரிமை. உலக வர்த்தக அமைப்பின் விதிகளுக்காக 2005இல் இந்தியா பொருள் காப்புரிமையை மீண்டும் ஏற்றது. ஏற்கும்போதே, பழைய மருந்தைச் சற்று மாற்றிப் புதியதென்று காட்டினால் காப்புரிமை இல்லை என்ற பிரிவையும் சேர்த்தது. ரத்தப் புற்றுநோய் மருந்தான கிளீவெக்குக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. அந்தப் பிரிவை எதிர்த்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007இல் தள்ளியது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் மறுப்பை உறுதி செய்தது. மாதம் லட்சத்துக்கு மேல் ஆன மருந்தின் இந்தியத் தயாரிப்பு சுமார் பத்தாயிரத்துக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது, அது தொடர்ந்தது. முந்தைய ஆண்டு, பிறர் காப்புரிமை வைத்திருக்கும் மருந்தையும் தயாரிக்க அனுமதிக்கும் கட்டாய உரிமம் ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனத்துக்குத் தரப்பட்டதால் நெக்சவார் என்ற புற்றுநோய் மருந்தின் மாதச் செலவு 2,80,000 ரூபாயிலிருந்து 8,800 ஆகியது.

பெரிய வாங்குபவராக அரசு மாறும் யோசனைக்குப் பாக் நீரிணைக்கு அப்பால் இன்னும் பழைய முன்னோடி உண்டு. இலங்கையில் பேராசிரியர் சேனக பிபிலே முன்வைத்த யோசனையின்படி 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் அமைந்தது. இறக்குமதி ஒரே கைக்கு வந்தது, மருந்துகளின் எண்ணிக்கை குறைந்தது, பிராண்டுப் பெயர் போய் வேதிப்பெயர் வந்தது. பன்னாட்டு நிறுவனங்களின் நெருக்கடியிலும் 1977இன் ஆட்சி மாற்றத்திலும் அந்தக் கொள்கை நீர்த்துப்போனது. இந்தியாவில் தமிழ்நாட்டு வழியைப் பின்பற்றியவற்றில் ராஜஸ்தான் குறிப்பிடத்தக்கது. 2011 அக்டோபர் 2 அன்று அது தொடங்கிய இலவச மருந்துத் திட்டம், கழகத்தின் மாதிரியைப் பார்த்து அமைத்த கொள்முதல் நிறுவனத்தைக் கொண்டே நடக்கிறது.

அரசு மருத்துவமனைக்குப் போகாதவர்களுக்கு, வேதிப்பெயரில் மலிவாக விற்கும் கடைகள் மூன்றாவது வழி. 2008இல் ஒன்றிய அரசின் மக்கள் மருந்தகமும், 2014இல் தமிழ்நாட்டில் அம்மா மருந்தகமும் வந்தன. 2025 பிப்ரவரி 24 அன்று ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. பாதியைக் கூட்டுறவுச் சங்கங்களும் பாதியை மருந்தாளுநர் படிப்பு முடித்த தொழில்முனைவோரும் நடத்துகிறார்கள். 2025 செப்டம்பரில் பெரும்பாலான மருந்துகளுக்கான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5ஆகக் குறைந்ததும் சிறிது உதவும். ஆனால் டாக்டர் பிராண்டை எழுதினால் இந்தக் கடைக்கு ஆள் வரமாட்டார். டாக்டர்கள் வேதிப்பெயரையே எழுத வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் விதி கொண்டுவந்தது. தரத்துக்கு யார் பொறுப்பு என்று டாக்டர் சங்கங்கள் கேட்டன, அதே மாதத்தில் விதி நிறுத்திவைக்கப்பட்டது. தரம் பற்றிய அந்தக் கேள்விக்கு வேண்டிய பதில், ஒவ்வொரு தொகுதியையும் பெயர் மறைத்துச் சோதிக்கும் ஏற்பாடு. 1995 முதல் மாநிலத்தின் மருந்துக் கிடங்குகளில் அது நடந்துகொண்டிருக்கிறது. தனியார் மெடிக்கலின் அலமாரிக்குப் போகும் மருந்துக்கு அப்படியொரு ஏற்பாடு இல்லை. அங்கே மருந்து ஆய்வாளர் அவ்வப்போது எடுக்கும் மாதிரிகள் மட்டுமே.